சார் என்று கூப்பிட்ட நண்பர்

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் தளத்தில் இரண்டே வரி போட்டிருந்தீர்கள். “22 வருடமாக எங்கள் வீட்டு மின்சார வேலைகளைப் பார்த்துவந்த நண்பர் காலமாகிவிட்டார். இந்த வாரம் கட்டுரை இல்லை.” அதில் ‘நண்பர்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் அப்பா 35 வருடம் பிளம்பர் வேலை பார்த்தார். போன வருடம் தவறிவிட்டார். துக்கம் விசாரிக்க நிறையப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவர் வேலை பார்த்த வீடுகளின் ஆட்கள். “அப்பா எங்களுக்கு பிளம்பர் இல்லம்மா, நண்பர்” என்று குறைந்தது நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். அந்த நான்கு பேரும் அதற்கு முன் ஒருநாள்கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஒருவர் தெருவில் நின்று எது வீடு என்று போனில் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு பெரியவர், அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, “அவனை மாதிரி ஒருத்தன் இனிமே கிடைக்கமாட்டாம்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ கோபம் வந்தது. செத்த பிறகும் அவனா?

இன்னொருவர் கிளம்பும்போது தயங்கித் தயங்கி, “எங்க வீட்ல மெயின் வால்வு எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?” என்று கேட்டார். அந்த நேரத்தில்! நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்து போய் அப்பாவின் நீள நோட்டை எடுத்துவந்தார். அதில் வீட்டுக்கு ஒரு பக்கம். குழாய் எங்கே திரும்புகிறது, வால்வு எங்கே, எந்தச் சுவருக்குள் பழைய இரும்புக் குழாய் இன்னும் இருக்கிறது என்று கோடு போட்டுக் குறித்திருப்பார். வந்தவர் தன் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

என் கேள்வி இதுதான். காசு கொடுத்து வேலை வாங்கியவரும் காசு வாங்கி வேலை செய்தவரும் நண்பர்களாக இருக்க முடியுமா? அப்பா வீட்டில் அவர்கள் யாரையும் நண்பர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘டாங்க் உயரமா இருக்கற வீடு’, ‘நாய் வீடு’, ‘கீழ்த்தளம் ஒழுகற வீடு’ என்றுதான் சொல்வார். உங்கள் எலெக்ட்ரீசியன் தன் வீட்டில் உங்களை என்னவென்று சொல்லியிருப்பார் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

கோபத்தில் எழுதவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் உங்கள் கடைசிக் கேள்வி. அதற்கு எனக்கு விடை தெரியும். தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

அவர் இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். முதல் முறையாக. உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போலவே நானும் தெருமுனையில் நின்று, அவரிடம் வேலை பழகும் பையனுக்குப் போன் செய்து, வழி கேட்டுத்தான் போனேன். வாசலில் நின்ற மகனிடம் என் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எழுதுகிறவன் என்றேன். அப்போதும் புரியவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, “யாரு, புத்தகத்தை நகத்தற வீடா?” என்றார்.

ஆமாம், அதுதான் நான். ஏன் அந்தப் பெயர் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு வரிக்கு மேல் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. அன்று உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். நேர்மையானவர், தொழில் சுத்தமானவர், நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம் என்றெல்லாம் வந்தது. வாசித்துப் பார்த்தால் வேலைக்குச் சேர்பவருக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் மாதிரி இருந்தது. ஓர் எழுத்தாளர் இறந்தால் நான் இப்படியா எழுதுவேன்? அவருடைய முன்கோபத்தை எழுதுவேன், கஞ்சத்தனத்தை எழுதுவேன், எந்த இடத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்று எழுதுவேன். கைத்தொழில் செய்கிறவர் இறந்தால் மட்டும் ஏன் எல்லோரும் சான்றிதழ் எழுத உட்கார்ந்துவிடுகிறோம்? கிழித்துப் போட்டுவிட்டு அந்த இரண்டு வரியைப் போட்டேன்.

இப்போது கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், அவர் நேரத்துக்கு வந்ததே கிடையாது. “பத்து நிமிஷம் சார், வந்துட்டே இருக்கேன்” என்றால் மறுநாள் காலை என்று அர்த்தம். ஏணியில் நின்றபடி பேசுவார். பேச்சு சுவாரசியமானால் வேலை நின்றுவிடும். துளை போட்ட சுவர்த்தூளைக் கூட்டி ஓரமாகக் குவித்து வைப்பாரே தவிர அள்ளமாட்டார். என் மனைவிக்கு அதில் கடைசிவரை வருத்தம் உண்டு.

அவர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கதை. மூன்று அறைகளில் விளக்கு ஒரே நேரத்தில் மினுக்கும், சரியாகிவிடும், மறுபடி மினுக்கும். அவருக்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் பல்புகளை மாற்றினார். இன்னொருவர் வீடு முழுக்க வயர் மாற்ற வேண்டும் என்றார். இவர் வந்ததும் எதையும் தொடவில்லை. எல்லா விளக்கையும் போடச் சொன்னார். மெயின் போர்டுக்கு அருகில் போய்க் காதை வைத்தார். பிறகு மோந்து பார்த்தார். “வாங்க சார், சத்தம் கேளுங்க” என்றார். காய்ந்த இலைமேல் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

மெயினை அணைத்துவிட்டுத் திறந்தால் மின்சாரம் திரும்பும் வயர்களெல்லாம் சேருகிற நியூட்ரல் லிங்க்கில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதில் நுழைந்திருந்த வயரின் முனை கறுத்துப்போயிருந்தது. பட்டும் படாமலும் இருக்கிற இணைப்பில் தடை கூடும். தடை உள்ள இடத்தில் சூடு பிறக்கும். சூட்டில் கம்பி விரிந்து, ஆறும்போது சுருங்கி, திருகு இன்னும் தளரும். அரை ஓம் தடை போதும். அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட். சால்டரிங் அயர்னின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்குள். கறுத்த முனையை வெட்டி, புதிதாகச் சீவி, திருகை முடுக்கினார். பத்து நிமிட வேலை. மொத்த வயரையும் மாற்ற வேண்டும் என்று அவரும் சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன். சொல்லியிருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. விளக்கு எரிந்திருக்கும், நன்றி சொல்லியிருப்பேன்.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயரே உண்டு: ‘கிரெடென்ஸ் குட்ஸ்’, நம்பி மட்டுமே வாங்கக்கூடியவை. டார்பி, கார்னி என்ற இருவர் 1973ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வருகிறது. சில பொருட்களை வாங்கும் முன்பே பார்த்து எடைபோடலாம். சிலவற்றை வாங்கிப் பயன்படுத்திய பிறகு தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது ஒரு வகை இருக்கிறது: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது தேவையாக இருந்ததா இல்லையா என்று வாங்கியவருக்குத் தெரியாது. மருத்துவமும் பழுதுபார்க்கும் தொழில்களும் அந்த வகை. அங்கே விற்பவரின் வார்த்தையைத் தவிர நம்மிடம் வேறொன்றும் இல்லை. உங்கள் அப்பா 35 வருடம் இருந்தது இந்த இடத்தில்தான். ஏமாற்றினாலும் யாருக்கும் தெரியாத இடம். அங்கே ஒருவர் “இது வேண்டாம், இதுவே போதும்” என்று சொன்னால், கேட்கிறவருக்குள் என்னவோ இளகிவிடுகிறது. அதை நாங்கள் நட்பு என்று சொல்லிக்கொள்கிறோமோ என்னவோ. நம்பிக்கை என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டிய இடமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அவ்வளவோடு நிற்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சண்டை வந்தது. நம்பிக்கைக்குரிய பணியாளர் சண்டை போடமாட்டார்.

மின்கசிவு வந்தால் அணைத்துவிடும் ஆர்சிசிபி என்ற கருவியைப் போடச் சொல்லி இரண்டு வருடம் கேட்டார். லோடு கூடினால் விழுகிற சுவிட்ச், எம்சிபிதான் இருக்கிறதே, போதும் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் வேறு வேலைக்கு வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். “எம்சிபி உங்க வயரைத்தான் சார் காப்பாத்தும். உங்களை இல்லை. 16 ஆம்பியருக்கு மேல ஓடினா அது விழும். ஆளைக் கொல்றதுக்கு அதுல நூத்துல ஒரு பங்கு வேண்டாம். போட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க.” கணக்கு சரிதான். 50 முதல் 100 மில்லியாம்பியர் மார்பு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பிவிடும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லியாம்பியர். ஆர்சிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லியாம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு இமைக்கிற நேரத்தில் அணைத்துவிடுகிறது. மறுநாள் வாங்கினேன்.

பின்னாளில் இதைப் பற்றிப் படித்தபோது சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியரைத் தெரிந்துகொண்டேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தவர். தன்னார்வலர்களின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவுக்கு மேல் பிடித்த கையை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. இந்த வகைக் கருவியின் அமெரிக்க வடிவத்தை 1961ல் உருவாக்கியதும் அவர்தான். ஏதோ புதையல் கிடைத்த மாதிரி நம் நண்பரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார். “பதினாறா? எனக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும் சார்” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தொழில் பழகிய காலத்தில் ஒருமுறை வயரைப் பிடித்த கை விடவேயில்லை, குருநாதர் மரக்கட்டையால் முழங்கையில் ஓங்கி அடித்தார் என்று சொன்னார். “கை உடைஞ்சுது. நான் இருந்தேன்.” வலது கையை அவர் முழுதாக நீட்ட மாட்டார் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

அந்த ஆர்சிசிபி ஒரு மழை ராத்திரி விழுந்தது. தூக்கிவிட்டால் நிற்கவில்லை. எரிச்சலோடு அவருக்குப் போன் செய்தேன். தூக்கக் குரலில் அங்கிருந்தே நடத்தினார்: எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்க. இப்ப அதைத் தூக்குங்க, நிக்குதா? சரி, இனி ஒவ்வொண்ணா மேலே தூக்குங்க, எதைத் தூக்கும்போது விழுதுன்னு சொல்லுங்க. நான்காவதில் விழுந்தது. வாட்டர் ஹீட்டர். “அதை மட்டும் இறக்கி வச்சுட்டுத் தூங்குங்க. அது தொந்தரவு பண்ணலை சார். அது வேலை பாக்குது.” காலையில் வந்து பார்த்தபோது ஹீட்டரின் காயில் உறை வெடித்துத் தண்ணீரில் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் காலையில் முதலில் குளிப்பது மகள். அவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காயிலை மாற்றிவிட்டுப் போனார்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் கூடுதலாகக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. இன்னொரு நாள், சின்ன வேலைதானே, நண்பருக்குள் என்ன கணக்கு என்று அவரே விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கறாராகக் கேட்டு வாங்கினார். “காசு வாங்கலைன்னா அடுத்த தடவை கூப்பிட யோசிப்பீங்க சார். யோசிச்சா கரண்ட் வேலையில தப்பு.” நட்பை வகைபிரித்த அரிஸ்டாட்டில், பயன் கருதிய நட்பைக் கீழ்ப்படியில் வைத்தார். பயன் தீர்ந்ததும் அது கலைந்துவிடும் என்றார். அவர் வீட்டில் மின்சாரம் இல்லை என்பது வேறு விஷயம். எங்கள் விஷயத்தில் காசுதான் கதவைத் திறந்து வைத்திருந்தது. கூலி கொடுக்கும் உரிமை இருந்ததால்தான் எந்த ராத்திரியிலும் என்னால் அவரைக் கூப்பிட முடிந்தது. சொந்தக்காரராக இருந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருந்திருப்பேன்.

என் அம்மா படுக்கையில் இருந்த வருடம், மின்விசிறி பார்க்க வந்தார். விசிறி மெதுவாகச் சுற்றியது. காயில் போய்விட்டது என்று நான் பயந்தேன். “காயில் இல்லை, கண்டென்சர்” என்று விரல் நீளத்துக்கு ஒன்றை மாற்றினார், விசிறி எழுந்து ஓடியது. அந்த நேரத்தில் அம்மா அடுத்த அறையிலிருந்து மெல்லிய குரலில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காதில் விழவில்லை, ஏணிமேல் நின்றவருக்கு விழுந்திருக்கிறது. மறுநாள் யாரும் கூப்பிடாமல் வந்தார். சொன்ன நேரம் என்று ஒன்று இல்லாததால் அன்று மட்டும் தாமதமும் இல்லை. கட்டில் ஓரத்தில் ஒரு பெல் சுவிட்சைப் பொருத்தினார். பேட்டரியில் ஓடுவது, ஈரக் கை பட்டாலும் பயமில்லை. அம்மா போன பிறகு ஒருமுறை அதன் எதிரில் நின்று, “எடுத்துடவா சார், இருக்கட்டுமா?” என்றார். இருக்கட்டும் என்றேன். இருக்கிறது.

இப்போது நீங்கள் கோபப்பட்ட ‘அவன்’. எனக்கு இதில் சட்டென்று தீர்ப்புச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தமிழில் ‘அவன்’ மிதிக்கவும் செய்யும், மடியில் தூக்கியும் வைத்துக்கொள்ளும். சொல்லை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணீரை வைத்தும் முடியாது. மேலிருந்து பார்ப்பவருக்கும் கண் கலங்கும். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சோதனைதான் உண்டு. உங்கள் அப்பாவும் அந்தப் பெரியவரைப் பற்றி “அவன் கெடக்கான் கெழவன்” என்று வீட்டில் சிரித்தபடி சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்றால் அந்த ‘அவன்’ நல்ல ‘அவன்’.

இந்தச் சோதனையில் நானே தேறமாட்டேன். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைக் கடைசிவரை சார் என்றார். ஒருமுறை, பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் அண்ணே என்று கேட்டேன். சிரித்தார். “சார்னு கூப்பிட்டாத்தான் சார் உங்க தப்பைச் சொல்ல முடியுது. பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னா சண்டையாயிடும்.” அன்று அதைச் சாமர்த்தியமான பதில் என்று ரசித்தேன். ஒருவேளை என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதோ என்று இப்போது தோன்றுகிறது. கட்டிங் பிளையர் பிடியில் ரப்பர் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி அவருக்கு அந்தச் சார். அது இருந்தவரை எதையும் தொட்டுப் பேசினார். கழற்றிவிடுங்கள் என்று நான் கேட்டது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போகாததற்கும் எந்தச் சமாதானமும் இல்லை. அவர் கூப்பிடவில்லை என்று சொல்லலாம். நான் கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் எந்தச் சுவர் மழைக்கு ஓதம் அடிக்கும், எந்த வருடம் நாங்கள் பணத்துக்குக் கஷ்டப்பட்டோம், நானும் மனைவியும் எப்போது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம் எல்லாம் அவருக்குத் தெரியும். சுவரைத் திறந்து பார்க்கிறவருக்கு மறைக்க முடியாது. அவருக்கு ஒரு மகன் இருப்பது எனக்குத் தெரியும். மகளும் உண்டு என்பது அவர் இறந்த அன்றுதான் தெரிந்தது. அவள் மேஜையில் ஒரு படிக்கும் விளக்கு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தூக்கிப் போடச் சொல்லி நான் கொடுத்தது. கழுத்தில் புது ஸ்பிரிங், புது வயர். ஆக, நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால்: நண்பர்தான். ஆனால் கதவு ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. மூடியிருந்தது என் பக்கம் அல்ல என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டிப் பார்க்காதவனுக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.

கடைசியாக அவர் வந்தபோது ஏணியில் இரண்டு படி ஏறி நின்றார். கீழே இறங்கி, பழகும் பையனை ஏறச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் சங்கடப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன். இறந்த செய்தியைச் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “கரண்ட் அடிச்சா?” இல்லை, நுரையீரல். சுவர்த்தூளோ, வேறு எதுவோ. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய நாளில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வயரைத் தொடும் முன், கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். எரியும். பிறகு வேலை செய்ய வேண்டிய வயரில் வைப்பார். எரியாது. பிறகு மறுபடியும் முதல் பிளக்கில். அதுதான் எரியவில்லையே, அப்புறம் எதற்கு என்று கேட்டேன். “நடுவுல டெஸ்டர் செத்துருந்தா? ஒண்ணு செத்துப்போச்சுன்னு சொல்றதுன்னா ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் சார் சொல்லணும்.” அன்று காலை அந்தப் பையன் போன் செய்து, “அண்ணன் போயிட்டாரு சார்” என்றதும், அதை வைத்துவிட்டு நான் உடனே அவர் எண்ணுக்கு அடித்தேன். எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. முழுதாக அடித்து ஓய்ந்தது.

மெயின் வால்வு எங்கே என்று கேட்டவரைக் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள். அவர் கேட்ட நேரம் தப்பு. ஆனால் என் துக்கத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. அவர் போய் மூன்றாம் நாள் ஹாலில் விளக்கு அணைந்தபோது என் கை தானாகப் போனில் அவர் பெயருக்குப் போனது. அந்த நொடியில் வந்த அழுகையில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு எனக்காக என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கு அது புரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்த நேரத்தில் எழுந்து போய் நோட்டை எடுத்துவந்திருக்கமாட்டார். அந்த நோட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளட்டும், அம்மா செய்தது சரி. நேரம் கிடைத்தால், அந்த நோட்டில் டாங்க் உயரமாக இருக்கும் வீடு எது என்று தேடிப் பாருங்கள். அந்த ஏணியில் உங்கள் அப்பா எத்தனை தடவை ஏறியிருப்பார் என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஹால் விளக்குக்குப் புதிதாக ஒருவர் வந்தார். இளைஞர். சுவிட்ச் பெட்டியைத் திறந்துவிட்டு, “யார் சார் பண்ணது இதை?” என்று கேட்டார். என்ன குறையோ என்று பயந்துவிட்டேன். அவர் உள்ளே காட்டினார். ஒவ்வொரு வயரும் தேவைக்கு மேல் அரை அடி நீளமாக விடப்பட்டு, சுருட்டி, பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. “முனை கருகினா வெட்டிட்டு மறுபடி கட்டறதுக்கு. வயர் பத்தாம சுவரை உடைக்க வேண்டாம் பாருங்க. அடுத்து வர்றவனுக்கு விட்டிருக்காரு.” அவர் கருகிய முனையை வெட்டினார், மிச்ச வயரில் கட்டினார், விளக்கு எரிந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டார். தூளை அள்ளிவிட்டும் போனார்.

அந்தப் பெயரின் கதையைச் சொல்கிறேன் என்றேன். என் எழுத்து அறையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கிறது. அதன் எதிரில் அலமாரி வைக்காதீர்கள் என்று முதல் வருடமே சொன்னார். வைத்தேன். அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் இரண்டு வரிசைப் புத்தகங்களை இறக்கி, அலமாரியை இழுத்து, வேலை முடித்து, மறுபடி அடுக்க வேண்டும். அடுக்கும்போதெல்லாம் “இதெல்லாம் படிச்சாச்சா சார்?” என்று கேட்பார். பாதி படிக்காதவை. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. 22 வருடம் இது நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் புத்தகங்களை இறக்கி அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். ஜங்ஷன் பாக்ஸின் மூடிமேல் மார்க்கரால் ‘புத்தகம்’ என்று எழுதி, பக்கத்தில் அலமாரி இருந்த திசையைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்.

அன்புடன்.